பலராட்டில் குடியேறப் போகிறீர்களா? புது எஸ்டேட், பழைய மரவீடு, ஊருக்கு வெளியே நிலம், வாடகை: எது யாருக்கு?

போன வாரம் இரவு ஒன்பது மணிக்கு ஒரு தம்பி போன் செய்தார். மெல்பர்ன் டார்னீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். மனைவிக்கு பலராட் பேஸ் மருத்துவமனையில் நர்ஸ் வேலை உறுதியாகிவிட்டது. சனிக்கிழமை வந்து ஊருக்கு மேற்கே ஒரு புது எஸ்டேட்டில், அதாவது மனை பிரித்து விற்கும் புதுக் குடியிருப்பில், காட்சிக்கு வைத்த மாதிரி வீட்டைப் பார்த்திருக்கிறார்கள், இருவருக்கும் பிடித்துவிட்டது. "ஆயிரம் டாலர் கட்டினால் மனைப் பிளாக்கைப் பிடித்து வைப்பார்களாம் அண்ணா. திங்கட்கிழமைக்குள் சொல்லணும். கட்டிடலாமா?"

"உங்ககிட்ட எத்தனை கார் இருக்கு?" என்று கேட்டேன். ஒன்றுதான். மனைவி இப்போதுதான் ஓட்டக் கற்றுக்கொள்கிறார். அதன்பிறகு பேச்சு ஒரு மணி நேரம் நீண்டது. இதே கேள்வியை இந்த வருடம் நான்கைந்து குடும்பங்கள் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். ஊரின் மேற்குப் பக்கம் புது வீட்டில் இரண்டு வருடம் வாடகைக்கு இருந்துவிட்டு, பிறகு கிழக்கே ஒரு பழைய மரவீட்டை வாங்கியவன் நான். என் மனைவிக்கும் ஷிப்ட் வேலைதான்.

## முதலில் ஊரைப் புரிந்துகொள்ளுங்கள்

பலராட், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்பர்னுக்கு மேற்கே சுமார் 115 கிலோமீட்டரில் இருக்கிறது. 1851ல் தங்கம் கிடைத்ததால் ஒரே மூச்சில் பெருத்த ஊர். 2016 கணக்கெடுப்பில் இந்த நகராட்சியின் மக்கள்தொகை 1,01,686. 2021ல் அது 1,13,763. ஐந்து வருடத்தில் 12,000 பேர் கூடியிருக்கிறார்கள். இவர்களில் பெரும்பகுதி போய்ச் சேர்ந்தது லூகஸ், ஆல்ஃப்ரெட்டன், டெலகோம், வின்டர் வேலி, பான்ஷா என்று மேற்கே விரியும் புதுப் பகுதிகளில். கொஞ்ச காலம் முன்புவரை அங்கே ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

மேற்குப் பகுதிக்கான திட்டம் 2012ல் உருவானது. சாலை, பூங்கா, சமூக மையம் எல்லாம் அதன் வரைபடத்தில் உண்டு. ஆனால் அவற்றுக்கான பணத்தில் பெரும்பங்கு, நிலத்தைப் பிரித்து விற்கும் நிறுவனங்கள் விற்க விற்கக் கட்டும் பங்களிப்பிலிருந்து வருகிறது. அதனால் வீடு முதலில் வந்துவிடுகிறது. அகலமான சாலையும் சிக்னலும் பஸ்ஸும் பின்னால் வருகின்றன. மேற்கையும் ஃப்ரீவேயையும் இணைக்கும் சாலையின் முதல் கட்டம் முடிந்தது. அதைத் தெற்கே நீட்டும் கட்டம் ஆண்டுக்கணக்காகப் பேச்சிலேயே இருந்து வருகிறது.

2026 காமன்வெல்த் விளையாட்டு விக்டோரியாவின் வெளியூர்களில், அதாவது மெல்பர்னுக்கு வெளியே உள்ள ஊர்களில், நடப்பதாக இருந்தது. பலராட்டும் அதில் ஒன்று. அதோடு வீடு வரும், மைதானம் வரும் என்றார்கள். 2023 ஜூலையில் மாநில அரசு அதை ரத்து செய்துவிட்டது. வரப்போகிறது என்று சொல்லப்படும் எதையும் வீட்டு விலைக்குள் சேர்த்துக் கணக்குப் போட வேண்டாம் என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். நடக்கிற வேலைகளும் இருக்கின்றன. பேஸ் மருத்துவமனை 65 கோடி டாலருக்கும் மேலான செலவில் விரிவாகிக்கொண்டிருக்கிறது. நம்மவர்கள் பலரை இந்த ஊருக்கு இழுப்பதே அதுதான்.

## எதையெல்லாம் எடைபோட வேண்டும்

விசா முதலில், ஏனென்றால் அதுவே பல வழிகளை அடைத்துவிடும். அப்புறம் நுழைவுச் செலவு, அதாவது கையிலிருந்து உடனே போகும் பணம். அப்புறம் முதல் மூன்று வருடத்தில் விளம்பரத் தாளில் எழுதாத செலவு. எத்தனை கார், எந்த நேர வேலை. பள்ளி, பஸ், டாக்டர், நடைபாதை ஆகியவை இன்றைக்கு அங்கே இருக்கின்றனவா. குளிர்காலம். கடைசியாக, இரண்டு மூன்று வருடத்தில் வேறு ஊருக்குப் போக நேர்ந்தால் கையைச் சுடாமல் வெளியேற முடியுமா.

## விசா: இதைத் தாண்டினால்தான் மற்றது

வெளியூரில் வாழ்ந்து வேலை செய்வதற்கான 491 போன்ற தற்காலிக விசாவில் இருவருமே இருந்தால், ஏற்கெனவே கட்டிய வீட்டை வாங்க முடியாது. 2025 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசு அதைத் தடை செய்திருக்கிறது. முதலில் அறிவித்தபடி தடை 2027 மார்ச் 31 வரை. வாங்கப் போகும் நாளில் நிலவரம் என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள். புது வீட்டுக்கு வெளிநாட்டு முதலீட்டு அனுமதி வாங்கலாம். அதற்குத் தனிக் கட்டணம். மேலும் விக்டோரியாவில் வெளிநாட்டவர் வாங்கும் குடியிருப்புச் சொத்துக்கு 8 சதவீதம் கூடுதல் முத்திரை வரி உண்டு. 3 லட்சம் டாலர் பிளாக்குக்கு அது மட்டுமே 24,000 டாலர்.

491லிருந்து நிரந்தர வசிப்புரிமைக்கு (பிஆர்) மூன்று வருடம் வெளியூரில் வாழ்ந்து வேலை செய்து காட்ட வேண்டும். அந்த மூன்று வருடமும் வாடகையில் இருங்கள் என்பதே என் பதில். முதல் வீட்டுக்கான சலுகைகள் எல்லாம் பிஆர் வந்தபிறகு உங்களுக்குக் கிடைக்கும். 24,000 டாலரைக் கொடுத்துவிட்டு அந்தச் சலுகைகளையும் இழப்பதில் எந்த நியாயத்தையும் என்னால் பார்க்க முடியவில்லை. கீழே வீடு வாங்குவது பற்றிச் சொல்வதெல்லாம் பிஆர் அல்லது குடியுரிமை உள்ளவர்களுக்கு.

## புது எஸ்டேட்

இதன் பெரிய பலம் கதகதப்பு. பலராட் கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர். ஜூலையில் பகல் உச்சமே 10 டிகிரியைச் சுற்றித்தான். விக்டோரியாவில் 2024 மே முதல் புது வீடுகள் 7 நட்சத்திர ஆற்றல் தரத்தில் கட்டப்பட வேண்டும். சுவரிலும் கூரையிலும் சூடு வெளியேறாமல் தடுக்கும் நல்ல இன்சுலேஷன் இருப்பதால் கைக்குழந்தை உள்ள வீட்டில் வித்தியாசம் முதல் ராத்திரியே தெரியும். புதுக் குடியிருப்புகளுக்குக் கேஸ் இணைப்பும் இப்போது கிடையாது, எல்லாம் மின்சாரம்தான். கேஸ் அடுப்பில்தான் சமைப்பேன் என்பவர்கள் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

பண விஷயத்திலும் அரசு இந்தப் பக்கம் சாய்கிறது. 7.5 லட்சம் டாலருக்குள் புது வீடு என்றால் முதல் முறை வாங்குபவருக்கு 10,000 டாலர் மானியம். நிலத்துக்கும் கட்டுவதற்கும் தனித்தனி ஒப்பந்தம் போட்டால் முத்திரை வரி நிலத்தின் விலைக்கு மட்டும். அதிலும் முதல் வீட்டுச் சலுகை உண்டு. 5 சதவீத முன்பணத்திலேயே வங்கிக் கடன் கிடைக்க உத்தரவாதம் தரும் மத்திய அரசுத் திட்டத்துக்கு மட்டும் கவனம் தேவை. வெளியூர் விக்டோரியாவில் அதன் உச்சவரம்பு 6.5 லட்சம் டாலர். நிலமும் கட்டடமும் சேர்ந்து அதற்குள் அடங்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கேதான் அதிகம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். விளம்பரத்தில் இருக்கும் விலை பெரும்பாலும் சுவரோடு நின்றுவிடும். மேற்குப் பகுதி எரிமலைப் பாறைச் சமவெளி. தோண்டினால் பல இடங்களில் கருங்கல். மண்ணும் ஈரத்தில் வீங்கி வெயிலில் சுருங்கும் களிமண். அஸ்திவாரம் போடும்போது 'சைட் காஸ்ட்' என்று தனி பில் வரும். அந்தத் தொகை இன்னதற்கு மேல் போகாது என்று எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பிறகு கார் நிறுத்தும் தளம், வேலியில் உங்கள் பாதி, திரைச்சீலை, கொசுவலைக் கதவு, துணி காயப்போடும் கம்பி, முன்பக்கத் தோட்டம். முன்தோட்டத்தை இத்தனை மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று எஸ்டேட் ஒப்பந்தத்திலேயே இருக்கும்.

அதைவிடப் பெரியது காலம். பட்டா வராத பிளாக்கை விற்பார்கள். பட்டா தள்ளிப்போனால் கட்டத் தொடங்குவதும் தள்ளிப்போகும். அதுவரை வாடகை, கட்ட ஆரம்பித்தபின் வாடகையோடு வட்டியும். எங்கள் நண்பர் ஒருவர் பதினான்கு மாதம் இரண்டையும் கட்டினார். அவருடைய பில்டர் ஒவ்வொரு முறையும் அடுத்த மாதம் என்றுதான் சொன்னார். அவருக்கு வீடாவது கிடைத்தது. 2023 மார்ச் 31ல் போர்ட்டர் டேவிஸ் என்ற பெரிய நிறுவனம் சரிந்தபோது விக்டோரியாவிலும் குயின்ஸ்லாந்திலும் சுமார் 1,700 வீடுகள் பாதியில் நின்றன. உங்கள் பெயரில் கட்டட இன்சூரன்ஸ் சான்றிதழ் கைக்கு வந்தபிறகே பில்டருக்கு முன்பணம் கொடுங்கள். 5 சதவீதத்துக்கு மேல் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம், வீடு வந்தும் வசதிகள் வராத அந்த இடைவெளி. லூகஸ் தொடக்கப்பள்ளி 2020ல்தான் திறந்தது. அதற்குப் பல வருடம் முன்பே அங்கே குடும்பங்கள் வந்துவிட்டன. பள்ளி வரும்வரை பெற்றோர்கள்தான் காலையும் மாலையும் கார் ஓட்டினார்கள். இன்றைக்கு அதே நிலையில் இருப்பவை இன்னும் தள்ளியிருக்கும் புது எஸ்டேட்டுகள். நாங்கள் வாடகைக்கு இருந்த இடத்திலிருந்து மருத்துவமனை ஏழெட்டு கிலோமீட்டர்தான். ஆனால் என் மனைவியின் காலை ஏழு மணி ஷிப்ட்டுக்கு ஏற்ற பஸ் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கேட்கவே வேண்டாம். மூன்றாவது மாதம் இரண்டாவது கார் வாங்கினோம். தவணை, பதிவு, இன்சூரன்ஸ், பெட்ரோல் எல்லாம் சேர்த்து எங்கள் கணக்கில் வருடத்துக்கு 8,000 டாலருக்குக் குறையவில்லை. புது எஸ்டேட்டின் விலையில் அதையும் சேர்த்துப் பாருங்கள்.

யாருக்கு ஏற்றது: இரண்டு கார் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு. ஒன்றரை வருடம் பொறுக்க முடிகிறவர்களுக்கு. வீட்டிலிருந்தே வேலை செய்பவர்களுக்கு. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்து, தெருவில் சேர்ந்து விளையாட ஆள் வேண்டும் என்பவர்களுக்கு இதைப் போன்ற இடம் வேறு இல்லை. எங்கள் பையன் இன்றும் அந்தத் தெரு நண்பர்களைத்தான் கேட்கிறான்.

## ஊருக்குள் பழைய வீடு

பலராட் ஈஸ்ட், கோல்டன் பாயின்ட், பிளாக் ஹில், சோல்ஜர்ஸ் ஹில், ரெடான் பக்கம் மரப்பலகை வீடுகள். செபாஸ்டபோலில் போருக்குப் பிந்தைய காலத்து எளிய வீடுகள். இங்கே ஊர் முழுதாக வந்து சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. நடைபாதை உண்டு, மர நிழல் உண்டு, பள்ளி, நூலகம் உண்டு. லிடியார்ட் தெரு ரயில் நிலையத்துக்குப் பல இடங்களிலிருந்து நடந்தே போகலாம். மெல்பர்ன் சதர்ன் கிராஸ் நிலையத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். 2023 மார்ச் இறுதியில் வெளியூர் ரயில் கட்டணத்துக்கும் நகரக் கட்டணமே உச்சவரம்பு என்று ஆக்கினார்கள். அன்று ஒரு நாளுக்கு 9.20 டாலர். பிறகு கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆனாலும் காரைவிட எவ்வளவோ மலிவு. நான் வாரம் இரண்டு நாள் அதில்தான் போய் வருகிறேன். சன்ஷைன் முருகன் கோவிலுக்கும் அதே ரயிலில் போய் சன்ஷைனில் இறங்கிக்கொள்கிறோம்.

இங்கே இடைவெளி வீட்டுக்குள் இருக்கிறது. மரவீடுகள் 'ஸ்டம்ப்' எனப்படும் குட்டைத் தூண்கள்மேல் நிற்பவை. மரத்தூண் என்றால் ஒரு நாள் உளுத்துப் போகும். எங்கள் வீட்டில் சமையலறைக் கதவு சாத்தினால் நிற்காமல் திறந்துகொண்டே இருந்தது. வாங்கிய எட்டாவது மாதம் எல்லாத் தூணையும் மாற்ற வேண்டி வந்தது. சேமிப்பு கரைந்தது, சுவர்ப்பூச்சில் விரிசல் விழுந்து மறுபடி பூச வேண்டியிருந்தது. வாங்குமுன் கட்டடமும் கரையானும் பார்க்கும் ஆய்வாளரை வீட்டுக்கடியில் ஊர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். நான் சில நூறு டாலரை மிச்சம் பிடிக்க அதைச் சுருக்கமாக முடித்தேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

குளிரைப் பற்றி மறைக்க மாட்டேன். முதல் குளிர்காலத்தில் ஊரிலிருந்து வந்திருந்த அம்மா இரண்டு கம்பளிக்குள் சுருண்டு படுத்திருந்தது இன்னும் மனதை உறுத்துகிறது. கூரையிலும் தரைக்கு அடியிலும் இன்சுலேஷன் போட்டு, நல்ல ஏசி ஹீட்டர் வைத்தபிறகுதான் வீடு வீடானது. அந்தச் செலவை முதல் வருடத்துக்கே ஒதுக்கி வையுங்கள்.

இன்னும் மூன்று விஷயம். 1990க்கு முந்தைய வீடு என்றால் கூரை ஓரத்திலும் குளியலறையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். துளைபோடும் முன் கேளுங்கள். ஊரின் நடுப்பகுதியில் பல தெருக்களுக்குப் பாரம்பரியக் கட்டுப்பாடு உண்டு. முன்வேலியை மாற்றக்கூட நகராட்சி கவுன்சில் அனுமதி தேவைப்படலாம். மூன்றாவது, தங்கச் சுரங்க ஊர் என்பதால் பழைய குழிகளும், ஆர்சனிக் கலந்த சுரங்கக் கழிவு மண்ணும் சில இடங்களில் இருக்கின்றன. தோட்டத்தில் கீரை போடும் ஆசை இருந்தால் மண்ணைச் சோதித்துப் பாருங்கள், அல்லது வெளியிலிருந்து மண் வாங்கி உயரப் பாத்தி கட்டுங்கள்.

பணக்கணக்கு எளிது. 5.6 லட்சம் டாலர் வீடு என்று வைத்துக்கொள்வோம். 5 சதவீதத் திட்டத்தில் முன்பணம் 28,000 டாலர். 6 லட்சம் வரை முதல் வீட்டுக்கு முத்திரை வரி இல்லை. அதற்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, 7.5 லட்சத்தில் சலுகை முழுவதும் மறைந்துவிடும். பழைய வீட்டுக்கு 10,000 டாலர் மானியம் கிடையாது. ஏலத்தில் எடுத்தால் மனம் மாற வழியில்லை. சாதாரண விற்பனையில் மூன்று வேலை நாள் அவகாசம் உண்டு.

யாருக்கு ஏற்றது: ஒரே கார் உள்ளவர்களுக்கு, ஷிப்ட் வேலைக்காரர்களுக்கு, மெல்பர்னுக்கு ரயிலில் போகிறவர்களுக்கு, வயதான பெற்றோரைக் கூட வைத்திருப்பவர்களுக்கு. ஆனால் கையில் தனியாகப் பழுதுபார்க்கும் பணம் இல்லாமல் வாங்காதீர்கள்.

## ஊருக்கு வெளியே நிலத்தோடு வீடு

ஹேடன், ஸ்மைத்ஸ்டேல், கார்டன் பக்கம் ஒன்றிரண்டு ஏக்கரோடு கிடைக்கும். முருங்கை வைக்க முடியாத குளிர், ஆனாலும் கோழி வளர்க்கலாம், கண்ணுக்கெட்டியவரை பசுமை. பலர் இதில்தான் மயங்குகிறார்கள்.

இங்கே நீங்களே உங்கள் கவுன்சில். பல இடங்களில் குடிநீர் என்பது கூரையில் விழும் மழை. பம்ப் ஓட மின்சாரம் வேண்டும். மின்சாரம் போனால் தண்ணீரும் போகும். கழிவுநீருக்கு செப்டிக் டேங்க். 2006 வறட்சியில் ஊர் நடுவே இருக்கும் வென்டூரி ஏரியே வற்றியது. 1956 ஒலிம்பிக்கின் படகுப் போட்டி நடந்த ஏரி அது. ஊர்க்காரர்களுக்காக 2008ல் வடக்கிலிருந்து பெருங்குழாய் வந்து சேர்ந்தது. தொட்டித் தண்ணீரில் வாழ்பவர்களுக்கு லாரிதான். காட்டுத்தீயும் கற்பனை ஆபத்து கிடையாது: 2024 பிப்ரவரியில் பலராட்டுக்கு மேற்கே எரிந்த தீயில் வீடுகள் போயின. வாங்குமுன் அந்த முகவரிக்கு வீட்டு இன்சூரன்ஸ் எவ்வளவு என்று விலை கேட்டு வாங்கிவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. பள்ளியிலிருந்து 4.8 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் பல தடங்களில் அரசின் பள்ளிப் பேருந்து இலவசம். யாருக்கு ஏற்றது: கைவேலை தெரிந்தவர்களுக்கு, இரண்டு பேருக்கும் கார் உள்ளவர்களுக்கு, இந்த ஊரில் இரண்டு குளிர்காலமாவது கழித்தவர்களுக்கு. புதிதாக வருபவர்களுக்கு வேண்டாம்.

## வாடகை

வாடகை வீண் பணம் என்று நம்மவர்கள் சொல்வதை நான் ஒத்துக்கொள்வதில்லை. எந்தத் தெரு நமக்குச் சரி என்பதைக் கற்றுக்கொள்ளக் கட்டும் பணம் அது. விக்டோரியாவில் வாடகையை 12 மாதத்துக்கு ஒருமுறைதான் ஏற்றலாம். 2025 நவம்பர் 25 முதல் 90 நாள் முன்னறிவிப்பு வேண்டும். காரணமில்லாமல் காலி செய்யச் சொல்வதும், போட்டி போட்டு விளம்பரத்தில் சொன்னதைவிட அதிக வாடகை வாங்குவதும் அன்றோடு நின்றன. வாடகை வீட்டில் பொருத்திய ஹீட்டர் இருந்தே ஆக வேண்டும்.

கஷ்டம், வீடு கிடைப்பதில்தான். நாங்கள் வந்தபோது ஒவ்வொரு இன்ஸ்பெக்‌ஷனிலும் வாசலில் வரிசை. ஒன்பதாவது விண்ணப்பத்தில்தான் கிடைத்தது. வேலைக் கடிதம், சம்பளச் சீட்டு, பழைய ஏஜென்ட்டின் கடிதம் எல்லாவற்றையும் முன்பே ஒரே கோப்பில் தயாராக வைத்திருங்கள். இன்னொரு மறைமுகச் செலவு பள்ளி எல்லை: வாடகை வீடு மாறும்போது பிள்ளையின் பள்ளிக்கு எட்டாத தூரம் போய்விட வாய்ப்புண்டு. உங்கள் எல்லைக்குள் இருக்கும் அரசுப் பள்ளி இடம் தந்தே ஆக வேண்டும் என்பதால், வீட்டைத் தேடும்போது பள்ளியையும் சேர்த்தே தேடுங்கள்.

| | புது எஸ்டேட் | பழைய வீடு | வெளியே நிலம் | வாடகை |
|---|---|---|---|---|
| தற்காலிக விசாவில் | அனுமதியும் கூடுதல் வரியும் | முடியாது | கட்டிய வீடு முடியாது | முடியும் |
| குடிபுக ஆகும் காலம் | ஒன்றரை வருடம் வரை, மேலும் ஆகலாம் | இரண்டு மூன்று மாதம் | இரண்டு மூன்று மாதம் | சில வாரம் |
| ஒரே காரில் வாழ்க்கை | மிகக் கடினம் | முடியும் | முடியாது | இடத்தைப் பொறுத்தது |
| குளிர் | நன்றாகத் தாங்கும் | செலவு செய்தால் தாங்கும் | வீட்டைப் பொறுத்தது | வீட்டைப் பொறுத்தது |
| எதிர்பாராத பெரிய செலவு | பாறை, தாமதம், இரண்டாம் கார் | தூண், கூரை, ஆஸ்பெஸ்டாஸ் | தண்ணீர், இன்சூரன்ஸ் | இடம் மாறுவது |
| சீக்கிரம் வெளியேற | கடினம். பக்கத்திலேயே புது பிளாக் விற்பார்கள் | ஓரளவு எளிது | மெதுவாக விற்கும் | எளிது |

## அந்தத் தம்பிக்குச் சொன்னது

அவர்களுக்கு பிஆர் இருக்கிறது, ஒரு கார், மனைவிக்குக் காலை ஷிப்ட், மூன்று வயதுப் பெண் குழந்தை. ஆயிரம் டாலரைக் கட்ட வேண்டாம் என்றேன். வார நாளில் காலை ஆறரைக்கு அந்த எஸ்டேட்டிலிருந்து மருத்துவமனைக்கு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். திரும்பும்போது மாலை ஐந்து மணிக்கு ஓட்டுங்கள். பக்கத்தில் டாக்டர் புது நோயாளி எடுப்பாரா என்று போன் செய்து கேளுங்கள் என்றேன். ஒரு வருடம் மருத்துவமனைக்குப் பக்கத்தில் வாடகை, அதற்குள் மனைவிக்கு லைசென்ஸ், ஒரு ஜூலை மாதம் முடிந்தபிறகு முடிவு. குழந்தை பள்ளிக்குப் போக இன்னும் நேரமிருப்பதால் பள்ளி எல்லையைப் பார்த்து நிதானமாக வாங்கலாம்.

செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார்கள். காலையும் மாலையும் ஓட்டிப் பார்த்தார்கள். நடுவில் செபாஸ்டபோலில் இரண்டு வாடகை வீடு பார்த்தார்கள். ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். நேற்று அந்தப் பெண் என் மனைவிக்குப் போன் செய்து, "அக்கா, அங்கேயிருந்து ஹாஸ்பிடலுக்கு பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள். என் மனைவி கால அட்டவணையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.